குடை பிடித்த விரல்கள்

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் கத்தரினுக்குப் பிள்ளை கடத்துகிற வேலை. கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடட்டும் என்றே அவள் அப்படிச் சொல்வாள். உண்மையில் அது கவுன்சில் வேலை. பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோட்டும், கையில் வட்டப் பலகை பூட்டிய நீளத் தடியுமாக நின்று, வாகனங்களை மறித்துப் பிள்ளைகளை அந்தக் கரைக்கு அனுப்ப வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவள் லொலிபொப் அன்ரி. தகப்பன்மாருக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம். ஒருமுறை அவசரத்தில் முன்னால் வந்து முட்டுகிற மாதிரி நின்ற ஒரு வெள்ளைக் காரின் சாரதியைக் கண்ணாடி இறக்க வைத்து, "பிள்ளையள் போகட்டும், பிறகு நீர் போம்" என்று தமிழிலேயே சொன்னாள். அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் காரைப் பின்னுக்கு எடுத்தார்.

மன்னாரில் பிறந்தவள். அறுபதை எட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போவாள், பாடற்குழுவில் சுருதி விட்டால் திரும்பிப் பார்ப்பாள். மகள் ஷெறோனுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. முப்பதைத் தாண்டியும் கலியாணம் பேசவிடாமல் நிற்கிறாள் என்பது கத்தரினின் நிரந்தரக் குறை. அது ஒருபக்கம் இருக்கட்டும். இந்தக் கதை ஒரு படத்தைப் பற்றியது.

அந்தப் படத்தில் கத்தரின் இருக்கிறாள். தொண்ணூறுகளின் நடுவில், குரோய்டனில், அகதி விண்ணப்பம் பார்க்கிற அந்த உயர்ந்த கட்டடத்துக்கு வெளியே மழையில் வரிசை நிற்கும்போது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கைக்குழந்தையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்கிறாள். தலைக்கு மேலே ஒரு குடை. படத்தின் இடது ஓரத்தில் குடைக்காம்பும், அதைப் பிடித்திருக்கும் நான்கு விரல்களும். விரல்களுக்குப் பின்னால் ஆள் இல்லை. படம் அங்கே முடிந்துவிடுகிறது.

"லான்டர்ன்" என்ற வார இதழில் அது முழுப்பக்கத்துக்கு வந்தது. கீழே ஒரே ஒரு சொல்: "தனியே."

அந்த இதழின் ஆசிரியர் ஆலன் விட்கோம். நிழற்படக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பெரிய பெயர். சிவப்பு மெழுகுப் பென்சிலோடு படங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, இங்கே வெட்டு, அங்கே வெட்டு என்று கோடு போட்டு, கும்பலுக்குள்ளிருந்து ஒரு முகத்தை வெளியே எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். கல்லூரிகளில் அதற்கு "விட்கோம் வெட்டு" என்றே பெயர் வைத்துப் பாடம் நடத்தினார்கள். பாடத்தில் தவறாமல் இடம்பெறுவது கத்தரின் படம். அந்த நான்கு விரல்களைப் பற்றி மட்டும் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது அரசாங்கத்தின் கை என்றார் ஒருவர். முகம் காட்டாத அந்நியரின் கருணை என்றார் இன்னொருவர்.

அது நிர்மலனின் கை. கத்தரினின் கணவன்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பெண்கள் கணவனை "மனுசன்" என்பார்கள். என்ர மனுசன் வேலைக்குப் போட்டார், என்ர மனுசனுக்குக் காய்ச்சல். பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கத்தரினுக்கு இல்லை. கூப்பிட "இஞ்சருங்கோ", மற்றவருக்குச் சொல்ல "மனுசன்". இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"படம் எடுத்தவன் இவர் ஆரெண்டு என்னட்டைக் கேட்டவன். மனுசன் எண்டு நான் இங்கிலீசிலயே சொன்னனான். சொல்லியும் வெட்டிப்போட்டாங்கள்."

அன்றைக்கு நிர்மலன் அதை ஒரு பகிடியாகத்தான் எடுத்தான். படம் வந்த கையோடு, தனியே நிற்கிற தாய்க்கு இரங்கி, யார் யாரோ கம்பளித் தொப்பியும் குழந்தைச் சட்டையும் அனுப்பினார்கள். சர்ரேயிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா பிள்ளை வண்டியையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கதவைத் திறந்தது நிர்மலன். நீங்கள் யார் என்று அந்த அம்மா கேட்டார். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கை விரலுக்குள் அடங்கும். உண்மையைச் சொல்லும் என்று உள்ளேயிருந்து கத்தரின் கண்ணைக் காட்டினாள், அவன் அது விளங்காமல் "பிரதர்" என்றான். அந்த அம்மா நல்ல மனுஷி, மாதா மாதம் வந்தார். வரும்போதெல்லாம் அவன் அண்ணனாக உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டியிருந்தது. அவர் போன பிறகு, "தங்கச்சி, சோத்தைப் போடும்" என்பான். கத்தரின் அகப்பையைத் தூக்குவாள்.

ஷெறோனுக்கு இரண்டு வயது முடிவதற்கு முன் நிர்மலன் இறந்துபோனான். பெட்ரோல் நிலையத்தில் வேலையில் நின்றபோது தலைக்குள் நரம்பு வெடித்தது. அவ்வளவுதான். அழுது முடித்து, நினைவு அட்டை அடிக்கப் படம் தேடும்போதுதான் வீட்டில் அவன் படமே இல்லை என்பது தெரிந்தது. கலியாண அல்பம் மன்னாரில் வீட்டோடு போயிற்று. அவன் இந்த நாட்டுக்கு வந்தது தலை மாற்றிய பாஸ்போர்ட்டில். வேறொருவர் புத்தகத்தில் நிர்மலனின் படத்தை ஒட்டி அனுப்பிய ஏஜென்ட், ஆள் வந்து இறங்கியதும் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டான். ஷெறோனின் ஞானஸ்நானத்தில் இரவல் கமராவால் படம் எடுத்தவனே நிர்மலன்தான், ஆகவே அதில் ஒன்றிலும் அவன் இல்லை. மிஞ்சியது அகதிக் கடிதத்தில் குத்தியிருந்த சின்னப் படம். வாயை இறுக மூடி, நாடியில் பாதி முத்திரையோடு இருந்தான். அதைத்தான் பெருப்பித்துச் சுவரில் மாட்டினாள். இன்றைக்கும் அதுதான்.

அதோடு கத்தரினுக்கு விட்கோமின் மேல் ஆத்திரம் பிறந்தது. ஒரு அங்குலம் தள்ளிக் கோடு போட்டிருந்தால் பிள்ளைக்கு அப்பா இருந்திருப்பார். தெரிந்தவர் ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு இதழின் அலுவலகத்துக்குப் போனாள். இதழை இழுத்து மூடிவிட்டார்கள், கதவில் வேறு கம்பெனியின் பெயர் இருந்தது. வெட்டினதை எங்கேயாவது எறிந்திருப்பார்கள் என்று திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவள் வாயில் விட்கோமுக்கு "வெட்டுக்காரன்" என்று பெயர்.

ஷெறோன் வளர்ந்தது அந்த விரல்களைப் பார்த்துத்தான். சின்ன வயதில் இதழை எடுத்து வைத்துத் தன் விரலை அப்பாவின் விரலோடு ஒத்துப் பார்ப்பாள். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள், கம்பி போட்டு இழுக்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் கேட்டபோது கத்தரின் மறுத்துவிட்டாள்.

"அது கொப்பற்றை பல்லு. இருக்கட்டும்."

"படத்தில தெரியேல்லையே."

"வாயை மூடினால் எப்பிடித் தெரியும்?"

அப்பாவின் பல் என்று அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் ஷெறோன் நினைத்தாள். வளர்ந்த பிறகும் அதையே நினைத்தாள், ஆனால் சொல்லவில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கிற பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

விட்கோம் போன வருடம் இறந்தார். அவருடைய நினைவாக ஆற்றங்கரையோரம் ஒரு கலரியில் கண்காட்சி வைத்தார்கள். கத்தரினுக்கு அது தெரிய வந்தது குரோய்டன் கடைத்தெருவுக்குப் போன ஒரு மத்தியானம். வெல்ஸ்லி றோட்டில் ட்ராமுக்கு நின்றவள் திரும்பிப் பார்த்தால், விளம்பரப் பலகையில் ஆள் உயரத்துக்கு அவளே நிற்கிறாள். வீதிக்கு அந்தப் பக்கம் அதே உயர்ந்த கட்டடம். பக்கத்தில் நின்ற இளம்பெண் போனிலிருந்து தலையைத் தூக்காமலே இருந்தாள். கத்தரினுக்கு உடம்பெல்லாம் பற்றியது. ட்ராமை விட்டுவிட்டு மகளுக்குப் போன் எடுத்தாள்.

"வெட்டுக்காரன் செத்தும் என்னைத் தனியத்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறான்" என்றாள்.

"எங்க அம்மா நிக்கிறீங்கள்?"

"ரெண்டு இடத்தில நிக்கிறன். நீ முதல் இதை எங்க வைக்கிறாங்கள் எண்டு பார்."

ஷெறோன் தேடிப் பார்த்தாள். சனிக்கிழமை பின்னேரம் படம் எடுத்தவரே வந்து பேசுகிறார் என்று போட்டிருந்தது. பெயர் டெரிக் லோமன். அம்மாவை அங்கே கூட்டிப்போனால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இரண்டு டிக்கெட் பதிவு செய்தாள். ஏதாவது மிச்சம் இருக்குமோ என்ற நினைப்பு அவளுக்கும் இருந்தது, அதை அம்மாவிடம் காட்டவில்லை.

சனிக்கிழமை கத்தரின் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, மேலே குளிர்க் கோட்டுப் போட்டாள். ரயிலில் விக்டோரியா, அங்கிருந்து பஸ். வழி முழுக்க ஷெறோன் ஒரே மந்திரத்தை ஓதிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, ஷவுட் பண்ணக் கூடாது. ப்ளீஸ். கடைசியில கேள்வி கேக்க விடுவினம். அப்ப கேப்பம்."

"நான் எப்ப கத்தினனான்?"

ஷெறோன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கலரியில் நுழைந்ததும் முதல் சுவரில் அந்தப் படம்தான். கத்தரின் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. அதன் கீழே நின்று இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள், இந்தத் துயரத்தைப் பார், குனிந்த தலையைப் பார் என்று. துயரத்துக்குரியவள் இரண்டு அடி தள்ளி நின்று அவர்களையே முறைத்தாள். அவர்கள் "மன்னிக்கவும்" என்று விலகி வழிவிட்டார்கள். மற்றச் சுவர்களில் சுரங்கத் தொழிலாளர், மீன்சந்தை, ஆஸ்பத்திரி வாசல், எல்லாம் ஒவ்வொரு முகமாக வெட்டி எடுத்தவை. கத்தரின் ஒவ்வொன்றிலும் ஓரத்தைத்தான் பார்த்தாள். ஒரு மீன்காரியின் தோளில் யாருடையதோ முழங்கை இருந்தது. "இதுவும் ஆரோ ஒருத்தியின்ர மனுசன்" என்றாள்.

பேச்சு நடந்த மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். டெரிக் லோமன் மெலிந்த கிழவர். அன்றைக்குச் செந்தாடியோடு நின்றவர் இன்று மொட்டைத் தலையும் ஊன்றுகோலுமாக இருந்தார். அவரை நடத்திவந்த பெண் ஹாரியட், கண்காட்சிக்குப் பொறுப்பாளர். விட்கோம் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று டெரிக் ஆற அமரச் சொன்னார். எவ்வளவு கடுமை, எவ்வளவு நேர்மை, இன்று போனில் படம் எடுக்கிற பிள்ளைகளுக்கும் அவருடைய கண் எப்படி இறங்கியிருக்கிறது என்றெல்லாம். ஷெறோன் பாதியைத் தமிழில் காதுக்குள் சொன்னாள். கத்தரினுக்கு இப்போது இங்கிலீஷ் நன்றாகவே விளங்கும், சும்மா இரு என்று கையைத் தட்டினாள்.

திரையில் கத்தரின் படம் வந்தது.

"இதை எடுத்த கதையை எத்தனையோ மேடையில் சொல்லிவிட்டேன்" என்றார் டெரிக். "குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆண் நின்றார். இவர் யார் என்று இந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சொன்னது ஒரே ஒரு சொல். 'மேன்.' சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள், நான் கமராவை அழுத்தினேன். அவர் அவளுக்கு யாரோ ஒரு ஆண். பெயர் தெரியாத ஒருவர். இந்தப் பரந்த உலகத்தில் இவ்வளவு தனிமை. அலுவலகத்தில் ஆலனிடம் அதைச் சொன்னேன். அப்படியென்றால் ஆளை எடு, விரலை விடு என்றார். இதுதான் ஆலன்."

மண்டபம் பெருமூச்சு விட்டது.

'மேன்.' ஓம், கத்தரின் அதைத்தான் சொன்னாள். மடத்துச் சிஸ்டர்மார் படிப்பித்த இங்கிலீஷில் கணவனுக்கு வேறு ஒரு சொல் இருந்தது. மழையிலும் கூச்சத்திலும் அது வாயில் வரவில்லை. வீட்டில் புழங்குகிற சொல்லை எடுத்து அப்படியே இங்கிலீஷாக்கிக் கொடுத்துவிட்டாள். மனுசன் என்றால் மேன். அவளைப் பொறுத்தவரை அதற்குமேல் விளக்கமாக ஒரு பெண் சொல்ல முடியாது. இந்த ஆளோ அதை மேடை மேடையாகக் கொண்டுபோய் அழவைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். வெட்டுக்காரனுக்குக் கோடு கீற இடம் எடுத்துக் கொடுத்ததே தன்னுடைய வாய்தான் என்பது நெஞ்சில் குத்தியது. அழுகை வரும் போலிருந்தது, அதைவிட முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது, இரண்டையும் விழுங்கினாள்.

கேள்வி நேரம் வரை காத்திருக்கவில்லை. எழுந்து, பள்ளிக்கூட வாசலில் கார்களை மறிக்கிற மாதிரிக் கையை நீட்டினாள். டெரிக் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"அந்தப் பெண் நான்தான்" என்றாள் இங்கிலீஷில். "இவள் அந்தக் குழந்தை. மேன் என்றால் எங்கள் பாஷையில் ஹஸ்பண்ட். நான் உங்களுக்கு ஹஸ்பண்ட் என்றுதான் சொன்னேன்."

டெரிக் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, அவள் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கத்தரின், மன்னார்" என்று மெல்லச் சொன்னார். பெயரை அவர் மறக்கவில்லை. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டின மிச்சம் எங்கே?" என்று கத்தரின் கேட்டாள். "அவருடைய முகம். எறிந்துவிட்டீர்களா?"

பதில் சொன்னது ஹாரியட். விட்கோம் வெட்டியதெல்லாம் காகிதத்தில்தான். பிலிமில் கத்தரிக்கோல் படக்கூடாது என்பது அவருடைய கட்டளை. இன்றைக்கு நான் வேண்டாம் என்பது நாளைக்கு யாருக்கோ வேண்டும் என்று சொல்லிச் சண்டைபிடித்து, இதழை மூடுகிற வாரத்திலும் ஒரு பிலிம் விடாமல் பெட்டிகளில் அடைத்து, ஒரு காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம். கண்காட்சிக்காக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். உலகம் அறிந்த படம் சுவரில் இருக்கும்போது முழுப் படத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கத்தரின் இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். இவ்வளவு காலம் ஏசிய ஆளுக்கு இப்போது நன்றி சொல்ல வேண்டிவந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

பின்னால் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். டெரிக்கும் வந்து கதவோரம் நின்றார். ஹாரியட் மடிக்கணினியைத் திறந்து தேடினாள். ஷெறோன் அம்மாவின் கோட்டுக் கையைப் பிடித்திருந்தாள். தினமும் ஆட்களின் எலும்பு வரைக்கும் படம் பிடிக்கிறவள், திரையைப் பார்க்கத் துணிவில்லாமல் மேசையைப் பார்த்தாள்.

"பார் பிள்ளை" என்றாள் கத்தரின்.

குடைக்காம்பு, நான்கு விரல்கள், அவற்றுக்குப் பின்னால் இப்போது கை, தோள், நனைந்து ஒட்டிய சட்டை. குடை முழுக்கத் தாயும் பிள்ளையும் நிற்கிற பக்கம் சரிந்திருந்தது. அந்த மெலிந்த இளைஞன் மழைக்குள் நின்று, கத்தரினைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏனம்மா சிரிக்கிறார்?" ஷெறோன் கேட்டாள்.

"இவன் என்ன கேட்டவன் எண்டு கொப்பர் என்னட்டைக் கேட்டவர். நீங்கள் ஆரெண்டு கேட்டவன் எண்டனான். நீர் என்ன சொன்னனீர் எண்டார். மனுசன் எண்டு சொன்னனான் எண்டன். ஒரு வெள்ளைக்காரனுக்கு நான் இங்கிலீசில சொல்லிப்போட்டன் எண்டு அந்தாளுக்குச் சிரிப்பு."

"அப்ப நீங்கள் குனிஞ்சது?"

"வெக்கத்தில."

ஷெறோன் அதை இங்கிலீஷில் சொன்னாள். டெரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுவோம் என்றாள் ஹாரியட். கீழே பெயர் எழுத வேண்டும், இவரை என்னவென்று போடட்டும் என்று கேட்டாள்.

கத்தரின் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயரைச் சொன்னாள்.

"நிர்மலன்." பிறகு, "பக்கத்தில தமிழில மனுசன் எண்டு போடச் சொல்லு. இங்கிலீசில வேண்டாம்."

ஷெறோன் சொல்லவில்லை. அவள் இரண்டு விரலால் திரையில் அந்தச் சிரிப்பைப் பெருப்பித்துக்கொண்டிருந்தாள். பெருப்பிக்கப் பெருப்பிக்கப் படம் புள்ளி புள்ளியாகிக்கொண்டு வந்தது. ஆனாலும் நன்றாகத் தெரிந்தது. மேல்வரிசையில், இடப்பக்கம், ஒரு தெத்துப்பல்.